கம்பி தொடும் இடம்

கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கமிருந்து ரிப்பேருக்கு வருகிற கிதாரை உறையிலிருந்து உருவியதுமே கடலோரத்துச் சரக்கு என்று சொல்லிவிடலாம். மரத்தில் ஒரு கீறல் இருக்காது. பிரிட்ஜில் மட்டும் சாடில் திருகுகள் துருவேறி, ஆலன் கீயின் முனை நுழையாத அளவுக்கு அடைத்துக்கொண்டிருக்கும். பின்பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால், ஸ்பிரிங்குகளை மாட்டியிருக்கும் கொக்கித் தகடும் அதே கதிதான். அந்தத் தகட்டில்தான் எர்த் ஒயரைப் பற்றவைத்திருப்பார்கள். பற்று விட்டுப்போனால் ஆம்பிளிஃபயரில் இரைச்சல் கிளம்பும். கம்பியில் கை வைத்தால் அடங்க வேண்டிய இரைச்சல், வைத்தாலும் அடங்காது.

சாமானை மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போது எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, புதுசு போட்டா சவுண்டு மாறிடுமா?"

இதை இரண்டு விதமாகக் கேட்பார்கள். அப்பாவோ மாமாவோ மெல்லிசைக் குழுவில் வாசித்த கிதாரைக் கொண்டுவருகிறவர், மாறிவிடுமோ என்ற பயத்தில் கேட்பார். போன வருஷம் ஆன்லைனில் வாங்கிய தம்பி, மாறாதா என்ற ஆசையில் கேட்பான். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்தப் பழைய சவுண்டை 'விண்டேஜ்' என்கிறார்களே, எதைச் சொல்கிறோம் என்று பார்த்துவிடுவோம். என் கைக்கு வருபவற்றில் முக்கால்வாசி, 1954இல் ஃபெண்டர் கம்பெனி கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நகல்கள். அசலில் ஆறு கம்பிகளும் உடம்புக்குள் இறங்கி, பிரிட்ஜ் தகட்டின் அடியில் தொங்கும் ஓர் உலோகக் கட்டைக்குள் போய் முடியும். பிளாக் என்பார்கள். பழைய ஸ்ட்ராட்டுகளில் அது கனமான உருக்கு. மேலே கம்பி உட்காரும் சாடில்கள், உருக்குத் தகட்டை வளைத்து அழுத்திச் செய்தவை. 1971 வாக்கில் இரண்டையுமே துத்தநாகக் கலவையில் வார்க்க ஆரம்பித்தார்கள். வார்த்தால் செலவு குறையும். அப்போது தொடங்கியது இந்த 'பழசு போல வருமா' புலம்பல்.

இன்றைய மலிவு நகல்களில் பிளாக்கும் துத்தநாகக் கலவைதான், பருமனும் அசலில் பாதிதான் இருக்கும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எல்லாரும் உலோகத்தின் பேரையே பிடித்துக்கொள்கிறார்கள். உருக்கின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம், துத்தநாகக் கலவைக்கு 6.6. அந்த வித்தியாசம் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அசல் அளவிலான உருக்குப் பிளாக் 280, 300 கிராம் வரும்போது, நகலின் ஒல்லிக் கட்டை அதில் பாதிகூட வராது. உலோகத்தைவிட அளவில்தான் பெரிய திருட்டு நடந்திருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து ஒரு நல்ல உருக்குப் பிளாக் வரவழைத்தால், வரியும் தபால் செலவும் சேர்ந்து, இங்கே ஒரு புது நகல் கிதாரின் விலையைத் தொட்டுவிடும். நமக்கு அந்தக் கவலை வேண்டாம். திருச்சி சாலையில் மாத்தூர் தொழிற்பேட்டை இருக்கிறது. பெல் நிறுவனத்துக்குச் சாமான் செய்துகொடுக்கும் பட்டறைகள் வரிசையாக நிற்கும் ஊரில் ஒரு இரும்புக் கட்டைக்கு அமெரிக்கா போவானேன்? பழைய பிளாக்கையும் ஒரு படத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு லேத் பட்டறைக்குப் போனேன்.

"இது எந்த வண்டிக்கு சார்?" என்றார் மெஷின்காரர்.

கிதாருக்கு என்றதும் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் வெர்னியரை எடுத்துவிட்டார். பிரைட் பாரில் ஒரு துண்டு வெட்டி நான்கு பக்கமும் மில்லிங் போட்டுக்கொண்டார். அதுவரை சுலபம். சிக்கல் துளைகளில் இருந்தது. கம்பியின் நுனியில் சின்ன பித்தளைக் குண்டு ஒன்று இருக்கும். அது உள்ளே போக அடியிலிருந்து ஒரு பெரிய துளை, அது முடியும் இடத்திலிருந்து கம்பி மட்டும் மேலேற ஒரு சின்ன துளை. பழைய ஃபெண்டர் முறையில் பெரிய துளை மேல் தகட்டுக்குப் பக்கத்தில் வரை ஏறிவிடும். அதனால் குண்டுக்கும் சாடிலுக்கும் நடுவில் வேலையில்லாமல் தொங்கும் கம்பி குறைவு. ஆறு துளைகளும் ஒரே கோட்டில், ஒரே ஆழத்தில் நிற்க வேண்டும். "ஆழம் எவ்வளவு விடணும்?" என்று கேட்டுவிட்டு டிரில்லில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார். கடைசியில், பிரிட்ஜை ஆட்டும் கைப்பிடியான வாமி பார் திருகும் துளைக்கு டேப் அடிக்கும்போது, "இது இஞ்ச் த்ரெட்டா, எம்எம்மா?" என்றார். இந்தத் தொழிலில் மிக முக்கியமான கேள்வி அதுதான். கிதார்க் கடைக்காரர் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

மாட்டிய பிறகு என்ன ஆனது?

பழைய பிளாக்கோடு ஒரு பதிவு, புதியதோடு ஒரு பதிவு. இரண்டுக்கும் ஒரே கம்பெனிக் கம்பி, இரண்டும் அன்றைக்குப் போட்ட புதுசு. சாடில் உயரம் அளந்து வைத்தது, பிக்கப் உயரமும் அப்படியே. ஹெட்போனில் கேட்டால் வித்தியாசம் தெரிகிறது. தடித்த கம்பிகளில் மீட்டிய முதல் நொடி இறுக்கமாக, விளிம்போடு விழுகிறது. ஒரு கார்டை அடித்துவிட்டுக் கையை எடுத்தால் மேல் ஸ்தாயி கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கிறது. இவ்வளவுதான். அதே கிதார் திருவப்பூர் மாசித் திருவிழா மாதிரி ஒரு கூட்டத்தில், பேடும் கீபோர்டும் முழங்க மேடையேறினால் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஆள் கிடையாது. வாசிக்கிறவருக்கு மட்டும் கையில் தெரியும். எனக்கு அதுவே போதும், செலவழித்த காசு வீணில்லை. ஆனால் "பிளாக் மாத்தினேன், கிதாரே வேற மாதிரி ஆயிடுச்சு" என்று ஒருவர் சொன்னால், கம்பியையும் அன்றைக்கே மாற்றினீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் ஆமாம் என்பார்கள். உப்புக்காற்றில் மாதக்கணக்கில் கிடந்த கம்பியைக் கழற்றிப் புதுசு மாட்டினால் எந்தக் கிதாருமே வேற மாதிரிதான் ஆகும்.

பிளாக் மாறினால் ஒலி மாறுவதன் காரணம் ஒன்றும் ரகசியமில்லை. கம்பி இரண்டு முனைகளுக்கு நடுவில் அதிர்கிறது. முனை அசையாமல் நின்றால் அதிர்வு கம்பியிலேயே தங்குகிறது. முனை இளகினால் அதிர்வு அங்கே கசிந்து போகிறது. எலெக்ட்ரிக் கிதாரின் பிக்கப், கம்பி அதிர்வதை மட்டும்தான் பார்க்கிறது. ஆகவே எந்த உதிரிபாகமும் ஒலியைத் தொட வேண்டுமென்றால் கம்பியின் முனை வழியாகத்தான் தொட முடியும். இல்லையென்றால் பிக்கப்புக்குப் பிறகு, மின்சாரத்தின் வழியாக.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க ஸ்ட்ராட்டோகாஸ்டர் தேவையே இல்லை. தம்புராவைப் பார்த்தால் போதும். குதிரைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு நூல் செருகியிருப்பார்கள். ஜீவா என்பார்கள். நூலை ஒரு மயிரிழை முன்னே தள்ளினால் மொத்தத் தம்புராவும் ரீங்கரிக்கும், பின்னே தள்ளினால் மொண்ணையாகிவிடும். பலாமரம் அதேதான், கம்பி அதேதான், மாறியது கம்பி குதிரையை உரசும் இடம் மட்டும். காசே பெறாத ஒரு நூல் செய்கிற வேலையை, ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கும் குரோம் பூசிய சாமான் பலதும் செய்வதில்லை.

வீணையிலும் அப்படித்தான். மரக் குதிரையின் மேல் ஓர் உலோகத் தகடு படுத்திருக்கும். அதை ஒட்டிய பிறகு, லேசான வளைவு வரும்வரை அரத்தால் தேய்த்துத் தேய்த்துக் கேட்டுப் பார்ப்பார்கள். வளைவு சரியாக விழாவிட்டால் ஒரு கம்பி பேசும், பக்கத்துக் கம்பி இரையும். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்திகளில் பலாமரமும் யாளித் தலையும்தான் அதிகம் வந்தன. அரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, படம் எடுக்க அழகாக இருக்காது.

கிதாருக்கு வருவோம். கனம் கூடினால் நல்லது என்று இதுவரை சொன்னதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் கிதாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களின் லெஸ் பாலில் கம்பியைப் பிடித்திருக்கும் டெயில்பீஸ் அலுமினியம். அடர்த்தி 2.7, கையில் எடுத்தால் பொம்மைச் சாமான் மாதிரி இருக்கும். பிற்பாடு அதைத் துத்தநாகத்தில் கனமாகச் செய்தார்கள். இப்போது அந்தப் பழைய ஒலி வேண்டும் என்பவர்கள் கனமானதைக் கழற்றிவிட்டுக் காசு கொடுத்து லேசான அலுமினியத்தை மாட்டுகிறார்கள். ஸ்ட்ராட்காரர் துத்தநாகத்தை விட்டுக் கனத்துக்கு ஓடுகிறார், லெஸ் பால்காரர் அதே துத்தநாகத்தை விட்டு லேசுக்கு ஓடுகிறார். இருவரும் சொல்லும் காரணம் ஒன்றே: 'விண்டேஜ் டோன்'. அந்தந்தக் கிதாரைச் செய்தபோது எது இருந்ததோ அதற்குக் காது பழகிவிட்டது, அவ்வளவுதான்.

1970களில் மேல்நாட்டில் ஒரு பித்தளைப் பைத்தியம் பிடித்தது. நட், பிரிட்ஜ், பிளாக் எல்லாவற்றையும் பித்தளையில் மாற்றினார்கள். ஒலி நீண்டு நின்றது. கூடவே எல்லாச் சுரமும் ஒரே பளபளப்பில் கேட்க ஆரம்பித்தது. கொஞ்ச வருஷத்தில் பலர் கழற்றிப் போட்டுவிட்டு எலும்பு நட்டுக்கே திரும்பினார்கள். பித்தளை வெறும் மோகம் என்றும் தள்ளிவிட முடியாது. ஃபெண்டரின் டெலிகாஸ்டரில் 1950களின் முதல் பாதியில் பித்தளைச் சாடில்தான், ஆறு கம்பிக்கு மூன்றே மூன்று. ஒரு சாடிலில் இரண்டு கம்பி உட்காருவதால் இரண்டுக்கும் சுருதி ஒருசேரச் சுத்தமாக நிற்காது, நடுவில் எங்கேயாவது சமரசம் செய்ய வேண்டும். ஆறு தனிச் சாடில் போட்டால் சுருதி சுத்தமாகும். சிலர் போட்டுவிட்டு, அந்தப் பழைய 'கணீர்' போய்விட்டது என்று திரும்ப மூன்றுக்கே வந்தார்கள். என்னைக் கேட்டால், மேடையில் கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கிறவர் ஆறு போடுவதே நல்லது. சுருதி சேராத கணீர் யாருக்கு வேண்டும்?

தலைப்பக்கம் வருவோம். டியூனிங் கீயை மாற்றினால் ஒலி மாறும் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். மாறும், ஆனால் வேறு வழியில். கழுத்தும் ஒரு நீளமான மரச்சட்டம்தானே, அதற்கும் சொந்த அதிர்வு உண்டு. ஏதாவது ஒரு சுரம் அந்த அதிர்வோடு ஒத்துப்போனால், கம்பியின் சக்தியைக் கழுத்து உறிஞ்சிவிடும். சுரம் பொசுக்கென்று செத்துப்போகும். ஸ்ட்ராட்டில் சில ஃப்ரெட்டுகளில் இது வரும், பேஸ் கிதாரில் இன்னும் மோசம். ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷர் என்ற ஆய்வாளர் இந்தச் செத்த இடங்களைக் கழுத்தின் அதிர்வை அளந்தே கண்டுபிடித்துக் காட்டினார். தலையில் கனத்தைக் கூட்டினால் கழுத்தின் அதிர்வெண் இறங்கும், செத்த இடம் நகரும். போய்விடாது, நகரும். பழைய பாணி க்ளூசன் கீக்களைக் கழற்றிக் கனமான மூடிய வகையைப் போட்டவர்கள், "ஏழாம் ஃப்ரெட் சரியாயிடுச்சு" என்று சந்தோஷப்பட்டால், ஆறாம் ஃப்ரெட்டையும் வாசித்துப் பார்க்கச் சொல்வேன். புதுக் கீ வாங்கும் முன் தலையில் ஒரு சின்ன சி-கிளாம்ப்பை, நடுவில் துணி வைத்து மாட்டிப் பாருங்கள். செலவில்லாமல் விடை தெரிந்துவிடும்.

கீ விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய வகைக் கீக்குத் துளை 9 மில்லிமீட்டருக்கும் குறைவு. இன்றைய வகைக்கு 10. துளையைப் பெரிதாக்கிவிட்டால் திரும்ப வழியில்லை. தடம் தெரியாமல் கழற்றி மாட்டக்கூடியதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றுங்கள். டிரில் எடுக்க வேண்டிய மாற்றம் என்றால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

இனி மின்சாரம். இந்தப் பதிவில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஸ்ட்ராட் வகையில் வால்யூம், டோன் கன்ட்ரோல்கள் 250 கிலோ ஓம். தெரியாமல் 500 போட்டுவிட்டால் உச்சஸ்தாயி கூர்மையாகிக் காதைக் குத்தும். சிலருக்கு அதுவே பிடிக்கும். டோன் கெப்பாசிட்டர் ஆரம்ப ஸ்ட்ராட்டுகளில் 0.1 மைக்ரோஃபாரட், பிறகு குறைந்துகொண்டே வந்து 0.022இல் நின்றது. இந்த எண் மாறினால், டோனைக் குறைக்கும்போது எவ்வளவு இருட்டும் என்பது மாறும். எண் ஒன்றாக இருந்து, எண்ணெயில் ஊறிய காகிதக் கெப்பாசிட்டர், பீங்கான் கெப்பாசிட்டர் என்று வகை மட்டும் மாறினால் எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்டதில்லை. பழைய காகித வகைக்குக் கொட்டிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

யாரும் உதிரிபாகம் என்றே நினைக்காத ஒன்று கேபிள். திருவிழா மேடையில் ஆம்பிளிஃபயர் ஒரு மூலை, கிதார்க்காரர் இன்னொரு மூலை, நடுவில் பத்து மீட்டர் மலிவுக் கேபிள். மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் 1,000 பிகோஃபாரட் ஆகிறது. ஸ்ட்ராட் பிக்கப்பின் சுருளோடு இது சேரும்போது, மூன்று மீட்டர்க் கேபிளில் 5,000 ஹெர்ட்ஸை ஒட்டி இருந்த ஒத்ததிர்வு உச்சி, 3,000 பக்கம் இறங்கிவிடும். கணக்குப் போட வேண்டாம், காதாலேயே கேட்கலாம்: கிதார் மேல் போர்வை போட்ட மாதிரி இருக்கும். சாடில், பிளாக், கீ எல்லாம் சேர்ந்து செய்யும் மாற்றத்தைவிட இது பெரிது. பழைய மேடைப் பதிவுகளின் அந்த மங்கலான இனிமையில் சுருள் சுருளான நீளக் கேபிளுக்கும் பங்குண்டு. டோன் போதவில்லை என்று பிக்கப் மாற்ற வருபவரிடம் முதலில் என் குட்டைக் கேபிளைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறேன். அதில் எனக்கு வியாபாரம் குறைகிறது என்பது வேறு விஷயம்.

சரி, பயத்தில் கேட்கிறவருக்கு என்ன சொல்வது? அவர் கவலை ஒலியைப் பற்றியது மட்டுமில்லை. மாற்றிவிட்டால் அது அப்பாவின் கிதாராக இருக்குமா என்பதுதான் உள்ளே இருப்பது. மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்தப் பயத்தை ஒரு சந்தையாகவே ஆக்கிவிட்டார்கள். ஒரு திருகை மாற்றினாலும் விலை இறங்கும். அலமாரியில் வைத்து விற்பதற்கு அது நியாயமாக இருக்கலாம்.

வாசிக்கிற வாத்தியத்துக்கு நம்மிடம் வேறு வழக்கம் இருந்திருக்கிறது. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில்தான் நிற்கின்றன. தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த மெழுகு. சித்திரை வெயிலில் அது இளகும், மெட்டு நகரும், சுருதி கெடும். அதனால் சில வருஷத்துக்கு ஒருமுறை பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு மெட்டுகளைப் புதிதாக உட்காரவைக்கிறார்கள். மேளம் கட்டுதல் என்று பேர். தேய்ந்த மெட்டை மாற்றுவார்கள், குதிரைத் தகட்டை மாற்றுவார்கள், பிரடை வழுக்கினால் அதையும் மாற்றுவார்கள். சாரணிக் கம்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாட்டி வாசித்த வீணை, பேத்தி கைக்கு வரும்போது கம்பி தொடும் இடம் ஒன்றுகூடப் பழையதாக இருக்காது. அது பாட்டி வீணை இல்லை என்று எந்த வீட்டிலும் சொல்லமாட்டார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போனவர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். மாண்டலினுக்கு இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பிகள். இரட்டைக் கம்பியில் கமகம் இழுத்தால் இரண்டும் ஒன்றுபோல வளையாது. அவர் இரட்டையை ஒற்றையாக்கினார், கீழ் ஸ்தாயிக்காக ஒரு கம்பியைக் கூட்டினார், ஐந்து கம்பி எலெக்ட்ரிக் மாண்டலினாக வாசித்தார். 'அசல் மாண்டலின் டோன்' போயே போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கல்யாணியும் தோடியும் கிடைத்தன. வாத்தியத்தின் வன்பொருளைக் கலைத்ததற்காக அவரை யார் குறை சொல்வார்கள்?

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சாட்சியும் இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து 20 கிலோமீட்டர் போல, குடுமியான்மலைக் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் கிரந்த எழுத்தில் சுர வரிசைகள் வெட்டியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். கடைசியில் தமிழில், இவை எட்டுக்கும் ஏழுக்கும் பொருந்தும் என்ற கருத்தில் ஒரு குறிப்பு. கம்பிகளின் எண்ணிக்கை என்று அறிஞர்கள் பொருள் கொள்கிறார்கள். திருமயத்துப் பாறையில் பரிவாதினி என்ற பெயர் இருக்கிறது. ஏழு தந்தி வீணைக்கு அமரகோசம் தருகிற பெயர் அது. குடுமியான்மலையில் வெட்டச் சொன்ன மன்னர் யார் என்று இன்னும் வழக்கு முடியவில்லை. எனக்கு அதில் பிடித்தது அந்த எட்டும் ஏழும்தான். கம்பி ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வாசிக்கலாம் என்று பாறையிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

ஆகவே பயப்படுகிற அண்ணன்மார்களே, துருப்பிடித்த சாடிலை மாற்றுங்கள். கடலோரம் என்றால் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். பழைய வளைத்த சாடிலைவிட ஒலி ஒரு பொட்டு கூர்மையாக இருக்கும், டோனைச் சற்றுத் திருப்பினால் சரியாகிவிடும். கழற்றிய பழைய சாமானைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் எண்ணெய் தடவி வையுங்கள், எப்போதாவது விற்கிற நிலை வந்தால் உதவும். ஆசைப்படுகிற தம்பிகளே, ஆர்டர் போடும் முன் அடிக்கோலை எடுங்கள். பழைய அமெரிக்க அளவில் பிரிட்ஜின் முதல் திருகிலிருந்து கடைசித் திருகு வரை 56 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆசியாவில் செய்த நகல்கள் பலவற்றில் 52.5தான். 'விண்டேஜ் பிரிட்ஜ்' என்று போட்டிருப்பதை நம்பி வாங்கிவிட்டு, துளை சேராமல் என்னிடம் கொண்டுவந்தால் நானும் மாத்தூருக்குத்தான் போக வேண்டும்.

அறந்தாங்கியிலிருந்து ஒரு டெலிகாஸ்டர் நகல் வந்து மேஜையில் கிடக்கிறது. மூன்று சாடில், மூன்றும் பித்தளை மாதிரி தெரிகிறது, காந்தம் வைத்தால் ஒட்டுகிறது. உள்ளே இரும்பு, மேலே பித்தளை நிற முலாம். அதைப் பற்றி அடுத்த பதிவில்.